மதிப்பெண்ணும் படிப்பும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் முதல் மூன்று இடம் பெற்ற நம் பங்குப் பிள்ளைகளுக்குப் பொன்விழா மேடையிலே பரிசு கொடுக்க வேண்டுமென்று விழாக் குழுவினர் விரும்பினார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் நான் இசையவில்லை. இதிலே உங்களில் சிலருக்கு வருத்தம் என்பதும் என் காதுக்கு வந்தது. ஆகவே காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மாநிலத்தில் முதலிடம் யார், இரண்டாமிடம் யார் என்று அறிவிப்பதை அரசாங்கமே 2017-இல் நிறுத்திவிட்டது. அதுவரைக்கும் முடிவு வெளியான மறுநாள், முதலிடம் பெற்ற பிள்ளைக்குத் தாயார் இனிப்பு ஊட்டும் படம் பத்திரிகையிலே வரும். அதே நாளில் வீட்டு மூலையில் முகம் புதைத்து அழுத பிள்ளைகளை யாரும் படம் எடுக்கவில்லை. அரசாங்கம் கைவிட்ட பழக்கத்தை நாம் கோயில் முற்றத்தில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டுமா?

மதிப்பெண்ணே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கில் 100, இயற்பியலிலும் வேதியியலிலும் ஐம்பது ஐம்பது, ஆக 200-க்குக் கட்-ஆஃப் பார்க்கிறார்கள். அரை மதிப்பெண்ணில் கல்லூரியே மாறிப்போகிறது. நகையை அடகு வைத்துப் படிக்க வைக்கும் தாயிடம், மதிப்பெண்ணை மறந்துவிடம்மா என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. என் கவலை வேறு. மதிப்பெண்ணைத் துரத்தித் துரத்தி, படிப்பைக் கை நழுவ விடுகிறோமே என்பதுதான்.

நம் கண் முன்னால் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லாதிருந்த காலத்திலே எத்தனையோ பள்ளிகள் என்ன செய்தன? அந்த ஆண்டுப் பாடத்தை மூடிக் கட்டிவைத்துவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்ப உருப்போட வைத்தன. பெற்றோர்களும் அப்படிப்பட்ட பள்ளி எது என்று தேடிப் போய்க் கியூவில் நின்றார்கள். பிள்ளைகளும் 1200-க்கு ஆயிரத்து நூறு என்று வாங்கினார்கள். ஆனால் வெக்டர், விசை, திரிகோணமிதி எல்லாம் பிளஸ் ஒன் புத்தகத்திலே அல்லவா இருந்தன? பொறியியல் கல்லூரியிலே முதல் பருவத்திலேயே அந்தப் பிள்ளைகளில் பலர் திணறி நின்றார்கள். நீட் தேர்வு வந்தபோது பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேள்விகள் வந்தன. அடித்தளம் போடாமலே மாடி கட்டியது அப்போதுதான் தெரிந்தது. இந்த வழக்கத்தை ஒழிக்கவே 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்து, மொத்தத்தையும் 600 ஆக்கினார்கள். 2025-இல் அந்தத் தேர்வைக் கைவிட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது, சந்தோஷந்தான். ஆனால் அந்த ஒரு வருடப் பாடத்தைப் பிள்ளை உண்மையிலேயே படிக்கிறதா என்று பார்க்கத் தேர்வுத்துறை இனி வராது. வீட்டில் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? ரூத் பட்லர் என்ற இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர் 1988-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். மாணவர்களில் ஒரு சாராருக்கு விடைத்தாளில் மதிப்பெண் மட்டும் போட்டார்கள். இன்னொரு சாராருக்கு மதிப்பெண் இல்லாமல், எது சரி, எதைத் திருத்த வேண்டும் என்று குறிப்பு மட்டும் எழுதினார்கள். மூன்றாவது சாராருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களே பின்னால் நன்றாகச் செய்தார்கள். ஆர்வமும் அவர்களுக்குத்தான் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்கள் அவர்களுக்கு ஈடாக வரவில்லை. எண் கண்ணில் பட்டவுடனே குறிப்பு மனத்தில் ஏறுவதில்லை போலும்! பக்கத்துப் பையனுடைய எண்ணைப் பார்க்கத்தான் கண் போகிறது.

நம் வீடுகளிலும் இதே கதைதானே? விடைத்தாள் வந்தால் "எத்தனை?" என்கிறார் தகப்பனார். அடுத்த கேள்வி, "எதிர்வீட்டுப் பையன் எத்தனை?" பிறகு ராங்க் கார்டிலே ஒரு கையெழுத்து. முடிந்தது! அதற்குப் பதிலாக, "தப்பாய்ப் போன இந்தக் கணக்கு ஏன் தப்பாயிற்று, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுப் பாருங்கள்.

"நான் அஞ்சாவது வரைக்கும்தான் சாமி படிச்சேன், எனக்கென்ன தெரியும்?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார்கள். தெரியாமலிருப்பது இதற்கு ஒரு வசதி அம்மா! நீங்கள் மாணவியாக உட்காருங்கள். பிள்ளை வாத்தியாராக நின்று, செடி எப்படி வெயிலைக் கொண்டு உணவு செய்கிறது என்று உங்களுக்குச் சொல்லட்டும். புரிந்து படித்திருந்தால் உங்களுக்கும் புரியும்படி சொல்லும். நோட்ஸில் உள்ள வரிகளையே மூச்சு விடாமல் ஒப்பித்தால், "எனக்கு விளங்கவில்லையே, வேறு மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். எந்த இடத்தில் பிள்ளை விழிக்கிறதோ, அந்த இடத்தை மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஆசிரியப் பெருமக்களே, அப்படிக் கேட்டு வருகிற பிள்ளையை "இது பரீட்சைக்கு வராது, போ" என்று மட்டும் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பரிசுப் பணத்தை என்ன செய்யப் போகிறோம் என்று கேட்பீர்கள். விழாக் குழுவினர் பெரிய மனதோடு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஆண்டு பொதுத்தேர்வு எழுதிய நம் பங்குப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும், தேறியவர் தவறியவர் என்ற பேதமில்லாமல், ஆளுக்கொரு புத்தகம். நோட்ஸ் வேண்டாம், வினா வங்கி வேண்டாம். விருப்பமான புத்தகம் எதுவானாலும் சரி. பிள்ளையே பெயர் சொல்லட்டும். தம்பிமார்களே, தங்கைகளே, வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் புத்தகம் ஏன் வேண்டும் என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது.