தோளில் ஏறும் பாரம்

மேல்நாட்டு இசைக்குழுக்களில் ஆளுயரத்துக்கு நிற்குமே, ஹார்ப்! 47 தந்திகள், ஏறத்தாழ 40 கிலோ எடை. அதை வலது தோளில் சாய்த்து வாசிப்பார்கள். புதிதாகக் கற்பவர்கள் சீக்கிரமே "கை கடுக்குது" என்பார்கள். பழி எடைமேல் விழும். ஆனால் சரியான கோணத்தில் சாய்த்தால் கருவி தானே சமநிலையில் நிற்கும். தோளில் பாரம் அவ்வளவாகத் தெரியாது.

கடுப்புக்குக் காரணம், தோள்பட்டையைத் தூக்கிக்கொண்டு விறைப்பாக வாசிப்பதுதான். தந்தியை மீட்டிய விரல் உள்ளங்கைக்குள் மடங்கித் தளர வேண்டும். இருக்கையின் உயரமும் பொருந்த வேண்டும். இடையிடையே கையைத் தொங்கவிட்டு உதறுங்கள். சுருக்கென்று வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

ஒரு மாணவி கேட்டாளாம்: "தினமும் எவ்வளவு நேரம் வாசிக்கணும் சார்?"

"தோள் காதைத் தொடுற வரைக்கும்மா!"