காலியாக விட்ட இடம்



இசையைப் பற்றிப் பேச வந்திருக்கும் நான் இசைவாணன் அல்லன். விருதுநகர் வட்டாரத்துப் பள்ளிகளிலே கணக்கு கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். சுருதியும் தாளமும் எனக்குக் கேள்வி ஞானமே. ஆயினும் சென்ற ஆண்டு கேட்ட ஓர் இசைத்தொகுப்பு, என் ஆசிரிய வாழ்க்கையில் நான் செய்த பிழை ஒன்றை முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் எனக்குக் காட்டிக் கொடுத்தது. அந்தத் தொகுப்பைப் பற்றியும் அந்தப் பிழையைப் பற்றியுமே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

தொகுப்பின் பெயர் ‘திஸ் மொமென்ட்’. ‘இந்தக் கணம்’ என்று பொருள். 2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ‘சக்தி’ என்னும் குழுவினர் அதனை வெளியிட்டனர். 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள், குழுவின் தூண்களில் ஒருவராகிய தபலா மேதை ஜாகிர் உசேன் தமது 73-ஆம் வயதில் மறைந்தார். மேடைக் கச்சேரியின் பதிவாக அல்லாமல், தனியே பதிவு செய்து அவர் அக்குழுவோடு உருவாக்கிய கடைசித் தொகுப்பு இதுவேயாயிற்று.

இக்குழுவின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். ஜான் மெக்லாஃப்லின் என்பவர் 1942-இல் இங்கிலாந்து நாட்டின் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தவர், கிதார் வாசிப்பவர். சிறுவயதில் அவரைக் கவர்ந்தது ‘ப்ளூஸ்’ எனப்படும் இசை. அமெரிக்காவின் தென்பகுதியிலே, பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களிடையே பிறந்த துயர இசை அது. பருத்தியும் கரிசலும் நமக்குப் புதியன அல்ல. துயரத்தை ஊரறியப் பாடுவதும் புதிதன்று. நம் வீட்டு ஒப்பாரியைக் கேட்டவர்களுக்குப் ப்ளூஸின் நெஞ்சம் எளிதிலே விளங்கும்.

அந்த மெக்லாஃப்லின் அமெரிக்காவிலே டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். பின்னர் 1970-களில் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சேர்ந்து சக்தி குழுவை அமைத்தார். முதல் தொகுப்பில் மிருதங்கம் வாசித்த இராம்நாட் இராகவனுடைய பெயரைப் பாருங்கள். 1985-ஆம் ஆண்டில் நம் மாவட்டம் பிரிக்கப்படும் வரையில் நாமும் இராமநாதபுரம் மாவட்டத்தாரே. உலகம் சுற்றிய அந்தக் குழுவில் நம் பக்கத்து ஊரின் பெயரும் ஒலித்ததை எண்ண எனக்குப் பெருமையாக இருக்கிறது.

1977-க்குப் பின் அக்குழு கலைந்தது. 1997-இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் மீண்டும் கூடியது. பின்னர் அதில் வந்து சேர்ந்தவர்தாம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ்.

ஸ்ரீநிவாஸ் 1969-இல் ஆந்திரத்துப் பாலகொல்லு என்னும் ஊரில் பிறந்து, சென்னையிலே வளர்ந்து புகழ் பெற்றவர். அவருடைய குருவாகிய ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. குரு வாயால் பாடுவார். சிறுவன் அதனைக் கம்பியிலே தேடிக் கண்டெடுப்பான். ஒன்பதாம் வயதில் அரங்கேற்றம். பதினான்காம் வயதில், 1983-இல், ஜெர்மனியின் பெர்லின் நகரத்து ஜாஸ் விழாவில் கச்சேரி.

மாண்டலினில் கர்நாடக இசை வாசிப்பதில் என்ன அருமை என்று நீங்கள் கேட்கலாம். மாண்டலின் சிறிய மேனாட்டு வாத்தியம். அதில் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக நான்கு இணைகள் இருக்கும். மீட்டியவுடன் ஒலி பிறந்து, மறுகணமே மடிந்துவிடும். நம் இசைக்கோ ஒரு ஸ்வரம் அடுத்த ஸ்வரத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு போக வேண்டும். அசைவும் இழைவுமாகிய கமகம் இல்லாவிடில் இராகம் எலும்புக்கூடாக நிற்கும். ஆகையால் ஸ்ரீநிவாஸ் இணைக் கம்பிகளை விட்டு, ஒற்றைக் கம்பிகள் ஐந்து பூட்டிய மின் மாண்டலினைக் கைக்கொண்டார். ஒலி நீண்டு நின்றது, விரல் வழுக்கிச் செல்ல இடம் கிடைத்தது, கமகம் பிறந்தது.

இதே இடர்ப்பாட்டைக் கிதாரிலே மெக்லாஃப்லினும் சந்தித்தார். மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குழிவாகக் குடைந்த கிதார் ஒன்றைச் செய்வித்து, வீணையிலே போலக் கம்பியை அழுத்தி வளைத்து வாசித்தார். ப்ளூஸ் கலைஞன் துயரத்தை உணர்த்தக் கம்பியை வளைக்கிறான். நம் வைணிகர் இராகத்தை உணர்த்தக் கம்பியை வளைக்கிறார். இருவேறு நாட்டு விரல்கள் ஒரே செயலைச் செய்வதை இக்குழுவின் இசையிலே கேட்கலாம்.

2014 செப்டம்பர் 19-ஆம் நாள் ஸ்ரீநிவாஸ் சென்னையில் காலமானார். வயது 45. பல ஆண்டுகள் கழித்து அக்குழு பழைய பெயரோடு மீண்டும் கூடியது. அப்போது அவர்கள்முன் ஒரு கேள்வி இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் யாரை அமர்த்துவது?

மாணவர்களே, இங்கே என் வகுப்பறைக்கு வருகிறேன்.

1987-ஆம் ஆண்டு. நான் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆன இளைஞன். எட்டாம் வகுப்பில் இரண்டாம் பெஞ்சின் ஓரத்திலே ஒரு பையன் இருந்தான். பங்குனிப் பொங்கலுக்குப் பராசக்தி மாரியம்மன் கோயிலில் கேட்ட தவிலடியையும் உறுமியடியையும் ஆவணி வரையிலும் பெஞ்சிலே வாசித்துக்கொண்டிருப்பான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், அவன் விரல் தொடங்கிவிடும். பலமுறை கண்டித்தேன், பிரம்பால் விரலிலேயே இருமுறை அடித்ததும் உண்டு.

அவ்வாண்டு தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, விடுமுறை நாளொன்றில், உறவினரோடு வெடி சுற்றும் வேலைக்குப் போனான். பிள்ளைகளை அத்தகைய வேலையில் அமர்த்தலாகாது என்ற சட்டம் 1986-லேயே வந்திருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது; பையன் கொட்டகையில் இருந்தான். அங்கே பற்றிய தீயிலிருந்து அவன் மீளவில்லை. அவனுக்கு வயது பதின்மூன்று.

பள்ளி திறந்த அன்று இரண்டு நிமிடம் மௌனம் காத்தோம். மறுநாள் காலை வருகைப் பதிவேட்டில் அவன் பெயரின் மேல் கோடு இழுத்தேன். இரண்டாம் பெஞ்சின் ஓரம் காலியாக இருந்தது. அவன் அருகில் இருந்த பையன் அந்த இடத்துக்கு நகராமல், ஒருவர் அமரும் இடம் விட்டே உட்கார்ந்திருந்தான். வகுப்பறை ஒழுங்கில் பற்றுடைய நான், ‘நகர்ந்து உட்கார்’ என்றேன். அவன் நகரவில்லை. குரலை உயர்த்தினேன். நகர்ந்தான். பின் பெஞ்சிலிருந்து ஒருவனை அழைத்து வரிசையை நிரப்பினேன். பாடம் நடந்தது. பிள்ளைகளின் மனம் அதிலேயே தங்கிவிடக் கூடாது என்று நல்லது செய்ததாகவே எண்ணினேன்.

அன்று நகர மறுத்த அந்த மாணவர் இப்போது ஐம்பதைக் கடந்தவர். சிவகாசியில் அச்சகம் ஒன்றில் வேலை பார்க்கிறார். ஆண்டுதோறும் எனக்கு ஒரு நாட்காட்டி கொண்டுவந்து தருவது அவர் வழக்கம். சென்ற ஆண்டு வந்தபோது, “சார், ஒரு பாட்டு கேட்கிறீர்களா?” என்று தம் கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

முதலில் ஒலித்தது 2001-இல் வெளிவந்த ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ என்னும் மேடைப்பதிவு. அதிலே தியாகராஜ சுவாமிகள் விநாயகர்மீது பங்காள இராகத்தில் இயற்றிய ‘கிரிராஜ சுதா’ கீர்த்தனையை இக்குழுவினர் தம் முறையிலே கையாண்டிருக்கின்றனர். சங்கர் மகாதேவன் பாட, ஸ்ரீநிவாஸின் மாண்டலின் உடன் வருகிறது. குரல் ஓரடி எடுத்து வைக்குமுன் அது பத்தடி ஓடிவிட்டுத் திரும்பி நின்று பார்க்கும் ஒரு சிறுவனைப் போல விளையாடுகிறது.

அடுத்து 2023-ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து அதே கீர்த்தனை ஒலித்தது. பாடுபவர் அவரே. கிதாரும் தபலாவும் அவையே. கஞ்சிராவுக்கு விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். வயலினுக்கு கணேஷ் இராஜகோபாலன். ஆனால் மாண்டலின் இல்லை.

“கவனித்தீர்களா சார்? அவருக்குப் பதிலாக இன்னொரு மாண்டலின்காரரை இவர்கள் வைக்கவில்லை” என்றார் அவர்.

நான் மறுபடியும் போடச் சொன்னேன். வயலின் வயலினாகவே ஒலித்தது. மாண்டலினைப் போலப் பேச அது முயலவில்லை. இருப்பவர்கள் தத்தம் பங்கை நிறைவாகச் செய்தார்கள். பாட்டுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் முன்னதைக் கேட்ட செவிக்கு, அந்தச் சிறுவன் ஓடி விளையாடிய இடம் தெரிந்தது. ஒருவரும் அதில் போய் அமராததனாலேதான் அது தெரிந்தது.

அந்நேரத்தில் எனக்கு இரண்டாம் பெஞ்சு நினைவுக்கு வந்தது. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் ஓரிடம் விட்டு உட்கார்ந்தானே, அது ஒழுங்கின்மை அன்று; அவனுக்குத் தெரிந்த மரியாதை. அதைத்தான் நான் அதட்டிக் கலைத்தேன். அவரிடம் அதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்திருந்தேன் சார்” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் விரல்கள் என் மேசையின்மேல் மெல்லத் தாளம் போட்டன. நான் தடுக்கவில்லை.

மாணவர்களே, மறைந்தவரை மதிப்பதற்கு நாம் பொதுவாக இரண்டு வழிகளையே அறிவோம். ஒன்று, வேலையை நிறுத்திவிட்டு வருந்துவது. மற்றொன்று, வேறொருவரை அமர்த்திவிட்டு மறப்பது. இக்கலைஞர்கள் மூன்றாவது வழியைக் காட்டுகிறார்கள். தொகுப்பின் முதல் உருப்படிக்கு ‘ஸ்ரீனிஸ் ட்ரீம்’ என்று பெயர்; ‘ஸ்ரீனியின் கனவு’ என்பது பொருள். மறைந்த நண்பரின் பெயரை முதலிலே சொல்லிவிட்டு, அவர் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, வேலையை நிறுத்தாமல் செய்கிறார்கள். அதுவும் நோய்த்தொற்று ஊர்களையெல்லாம் அடைத்துப் போட்ட காலத்தில், ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் இருந்தபடி வாசித்து அனுப்பி, ஒன்றுசேர்த்த இசை இது. எதிரே இல்லாத தோழனோடு சேர்ந்து வாசிப்பதற்கு அவர்கள் முன்பே பழகிவிட்டார்கள் போலும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கலைஞரின் கடைசிப் படைப்பைக் கேட்கும்போது, அதிலே மரணத்தின் அறிகுறியைத் தேடுவது பலரின் இயல்பு. அவ்வாறு தேடாதீர்கள். ஜாகிர் உசேன் விடைபெறுவதற்காக வாசிக்கவில்லை. நாளைக்கும் வாசிக்கப் போகிறவராகவே வாசித்தார். அந்தத் தபலாவிலே கேட்பது கவனம்: உடன் வாசிப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு, அதற்கு விடை சொல்லும் கவனம். ‘இந்தக் கணம்’ என்று பெயரிட்டதும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று ஜாகிரின் இடமும் காலியாகிவிட்டது. 2001-ஆம் ஆண்டுப் பதிவையும் 2023-ஆம் ஆண்டுப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதல்முறை பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் முறை ஒரே ஒரு வாத்தியத்தைப் பின்தொடருங்கள். செல்வகணேஷின் கஞ்சிராவை எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கையால் தட்டும் அந்தச் சிறு வட்டத்திலிருந்து எத்தனை குரல்கள் எழுகின்றன என்று வியப்பீர்கள். மூன்றாம் முறை, இல்லாத வாத்தியத்தைக் கேளுங்கள். இசையை நுகர்வதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சியை நான் அறியேன்.

உங்கள் வகுப்பிலும் என்றேனும் ஓரிடம் காலியாகலாம். சாவினாலேதான் என்பதில்லை, ஊர் மாறிப் போவதாலும், படிப்பை விட்டு வேலைக்குப் போவதாலும் இடங்கள் காலியாகின்றன. அவ்விடத்தை நிரப்ப அவசரப்பட வேண்டா. அங்கிருந்தவன் யார், என்ன செய்துகொண்டிருந்தான் என்று ஒருநாளேனும் எண்ணிப் பாருங்கள். வேலைக்குப் போய்விட்டவனாயின், தேடிச் சென்று திரும்ப அழைத்து வாருங்கள். அது எனக்கு 1987-இல் தோன்றாமற் போயிற்று.