முப்பது வருஷத்து விருந்தாளி
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய நினைவுகளைப் பேசுங்கள் என்றார் செயலாளர். மெஸ் சாம்பாரையும் வார்டனின் சைக்கிளையும் எனக்கு முன்னால் பேசியவர்களே தீர்த்துவிட்டார்கள். அதனால் நான் நம் நூலகத்தில் எடுத்துப் படித்த ஒரு புத்தகத்தில் ஆரம்பிக்கிறேன். மாக்ஸ் பீர்பாம் என்ற ஆங்கிலக் கட்டுரையாளரின் தொகுப்பு, 1920இல் வந்தது. அதில் லண்டன் பட்னி பகுதியில் ‘தி பைன்ஸ்’ என்ற வீட்டுக்குச் சாப்பிடப் போன கதையை எழுதியிருப்பார். மாணவனாக இருந்தபோது அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். காது கேளாத ஒரு சின்ன உருவக் கவிஞர், அவர் காதில் விழும்படி கத்திக் கத்திப் பேசும் இன்னொரு கிழவர், நடுவில் மாட்டிக்கொண்ட விருந்தாளி. சிரிக்காமல் என்ன செய்வது?

அந்தக் கவிஞர் ஆல்ஜர்னான் சார்லஸ் ஸ்வின்பர்ன். கடற்படைத் தளபதியின் மகன். ஆக்ஸ்போர்டில் படித்தார், பட்டம் வாங்காமல் வெளியே வந்தார். 1866இல் வந்த கவிதைத் தொகுப்புக்கு எழுந்த கூச்சலில் பதிப்பாளரே பயந்து புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இளைஞர்களுக்கோ அவர்தான் தெய்வம். ஆனால் குடி. லண்டனில் குடித்து விழுவார், வீட்டிலிருந்து வந்து கிராமத்துக்குக் கூட்டிப்போவார்கள், சில வாரத்தில் தேறுவார், மறுபடி லண்டன், மறுபடி பிராந்தி. ஓவியர் ரோஸெட்டிகூடக் கொஞ்ச காலம் தன் வீட்டில் வைத்துப் பார்த்தார். முடியவில்லை, போகச் சொல்லிவிட்டார்.

1879இல் ஸ்வின்பர்னுக்கு வயது 42. வாடகை அறையில் சாகக் கிடந்தார். அப்போது தியடோர் வாட்ஸ் என்ற வக்கீல் நண்பர் போய் அவரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கொஞ்ச நாள் வைத்துத் தேற்றி அனுப்புவோம் என்று நினைத்தாரோ என்னவோ. வந்தவர் 1909 ஏப்ரல் 10ஆம் தேதி அதே வீட்டில் கண்ணை மூடும்வரை போகவே இல்லை. முப்பது வருஷம்!

குடியை எப்படிக் குறைத்தார் என்பதற்கு ஒரு கதை சொல்லுவாங்க. பிராந்தியை உடனே பிடுங்கவில்லையாம். “டென்னிசன் போர்ட் அல்லவா குடிக்கிறார்” என்று போர்ட் ஒயினுக்கு மாற்றினாராம். பிறகு, மூன்று வீரர்கள் நாவலில் வருகிறவர்களின் பானம் என்று பர்கண்டி. அதற்கப்புறம் கிளாரெட். கடைசியில், “ஷேக்ஸ்பியர் குடித்தது பீர்தானே?” எத்தனை சதம் உண்மையோ, தெரிந்தவர்கள் இட்டுக்கட்டிய மாதிரியும் இருக்கிறது. ஆனால் பீர்பாம் போன 1899இல் மதியச் சாப்பாட்டோடு பீர்தான் இருந்தது. அவ்வளவுதான். காலையில் மழையோ வெயிலோ பட்னி மேட்டைத் தாண்டி விம்பிள்டன் வரை நடை. வழியில் தள்ளுவண்டியில் குழந்தை போனால் நின்று பார்ப்பார். மதியம் தூக்கம். இரவில் டிக்கன்ஸை உரக்கப் படிப்பார்.

வாட்ஸின் தங்கை மகன், சின்னப் பையன் பெர்ட்டி, அதே வீட்டில் வளர்ந்தான். அவன் ஒரு மாசம் ஊருக்குப் போயிருந்தபோது பிரிவு தாங்காமல் ஒரு கவிதை வரிசையே எழுதினார் இந்த மனுஷர். ஒரு காலத்தில் இங்கிலாந்தையே அதிரவைத்தவர்!

இங்கேதான் விமர்சகர்கள் வாட்ஸைப் பிடித்துக்கொள்கிறார்கள். மனிதனைக் காப்பாற்றினார், கவிஞனைக் கொன்றார் என்று. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. பட்னிக்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பகுதி பழைய உயரத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயமும்கூட. பழைய நண்பர்களை வாட்ஸ் வடிகட்டித்தான் உள்ளே விட்டார். முன்பு தலையில் வைத்துக் கொண்டாடிய விட்மனை 1887இல் ஸ்வின்பர்ன் தாக்கி எழுதியதிலும் வாட்ஸின் கை உண்டு என்பார்கள். கவிஞர் சொத்தையெல்லாம் அவருக்கே எழுதிவைத்தது வேறு வாய்க்கு அவல். ஆனால் ‘டிரிஸ்ட்ராம்’ என்ற நெடுங்கவிதை 1882இல் அந்த வீட்டில் இருந்தபோதுதான் வெளிவந்தது. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது என் சிரிப்பு எப்போது நின்றது என்று சொல்கிறேன். நம் ஹாஸ்டலில் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம், எங்கள் பேட்ச்காரர்களுக்குத் தெரியும். கையெழுத்துப் பத்திரிகை முழுவதையும் அவனே நிரப்புவான். எழுத்து அப்படி. படிப்பு முடிந்து பத்து வருஷம் கழித்து ஒருநாள் ராத்திரி என் வீட்டு வாசலில் நின்றான். ஒரு தோள்பை, வேறு ஒன்றுமில்லை. “ரெண்டு நாள்டா” என்றான். இருபத்து மூன்று நாள் இருந்தான். முதல் வாரம் சொர்க்கம். மொட்டை மாடியில் விடிய விடியப் பேச்சு. இரண்டாவது வாரம் குடித்துவிட்டு வந்தான். மூன்றாவது வாரம் என் மகனின் உண்டியல் காணோம். நான் சத்தம் போடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, கையில் ஐம்பது ரூபாய் வைத்தேன். “வரேன்டா” என்றான். வரவில்லை. அடுத்த வருஷம் செய்திதான் வந்தது.

ரொம்ப நாள் “நான்தான் அவனை வைத்துப் பார்த்தேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் மனைவி கேட்டாள், “நீங்க ஆபீஸ் போயிட்டீங்க. அவர் வாந்திய அலம்புனது யாரு?” பதில் இல்லை. அப்புறம்தான் கிளாரா நினைவுக்கு வந்தார். வாட்ஸ் 1905இல், எழுபதைத் தாண்டிய வயதில், மணந்துகொண்ட இளம்பெண். இரண்டு கிழவர்கள் இருந்த வீட்டுக்கு வாழ வந்தவர். ஸ்வின்பர்னின் வீட்டு வாழ்க்கையைப் பற்றி 1922இல் ஒரு புத்தகம் எழுதினார். அவருக்கு முன்னால் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டது வாட்ஸின் தங்கை. அந்த அம்மாள் புத்தகம் எதுவும் எழுதவில்லை.

அந்த வீடு பட்னி ஹில்லில் இன்னும் இருக்கிறது. சுவரில் நினைவுப் பலகையும் உண்டு. அதில் கவிஞரின் பெயரோடு அவருடைய நண்பர் வாட்ஸின் பெயரும் இருக்கிறது.

என் நண்பன் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டை மாடி அறையில் விட்டுப்போனான். நான்கு கதைகள், ஐந்தாவது பாதியில் நிற்கிறது. இத்தனை வருஷம் பீரோவில் இருந்தது. இன்று அதை நம் நூலகரிடம் ஒப்படைக்கிறேன். மாணவர்கள் கேட்டு வாங்கிப் படியுங்கள். இரண்டாவது கதை நம் ஹாஸ்டலைப் பற்றியது. அதில் நானும் வருகிறேன், கொஞ்சம் மோசமாகத்தான்.