குரல்வளைக்கு யார் காவல்?

(ராஜா அண்ணாமலைபுரத்தில் செய்த சொற்பொழிவு)



இந்த ராஜா அண்ணாமலைபுரத்திலும் பக்கத்து மயிலாப்பூரிலும் மார்கழி வந்தால் பாட்டுக் கச்சேரிக்குக் குறைவில்லை. நல்ல சாரீரத்தைக் கேட்டால் "கடவுள் கொடுத்த வரம்" என்கிறோம். அதே தொண்டை கட்டிக்கொண்டால் "கண் திருஷ்டி" என்கிறோம். வரம் கொடுத்தவர் காவலும் போட்டிருக்க மாட்டாரா என்று ஒருவரும் கேட்பதில்லை. காவல் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது தாயத்தில் இல்லை. குரல்வளையின் உட்புறத்துச் சவ்வில் இருக்கிறது.

அச்சவ்வின் பெரும்பாகத்தில் மயிரினும் மெல்லிய இழைகள் உண்டு. உள்ளே போகும் தூசியையும் கிருமியையும் கோழை பிடித்துக்கொள்ளும்; இழைகள் அதை மேலே தள்ளிவிடும். அதிர்ந்து ஒலி கொடுக்க வேண்டிய குரல் நாண்களின் ஓரத்தில் மாத்திரம் இழைகள் இல்லை; அங்கே தோல் அடுக்கடுக்காக இருக்கிறது. கோழையில் எதிர்ப்பொருள்களும், சவ்வுக்குள் கிருமியை அடையாளம் கண்டு தகவல் சொல்லும் அணுக்களும் உண்டு. அக்கிரகாரத்துத் தொண்டைக்கு ஒரு சவ்வு, சேரித் தொண்டைக்கு ஒரு சவ்வு என்று இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இவ்வளவு காவலையும் ஏமாற்றுகிறது தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா. அக்கிருமி உள்ளே வெகுதூரம் போவதில்லை. இருந்த இடத்திலேயே விஷத்தைக் கக்குகிறது. அணுக்கள் செத்துச் சாம்பல் நிறப் படலமாகின்றன. படலம் குரல்வளைக்கு இறங்கினால் குழந்தைக்கு மூச்சு அடைக்கும். விஷம் ரத்தத்தில் கலந்து இருதயத்தையும் கெடுக்கும்.

"தாயத்துக் கட்டினோம், பிள்ளை பிழைத்தது" என்பார்கள். கட்டியும் செத்த பிள்ளைகள் எத்தனை? அதற்குப் பெயர் விதியாம்! பிழைத்தால் தாயத்து, செத்தால் விதி என்றால் தாயத்து தோற்பதுதான் எப்போது?

1890ல் ஜெர்மனியில் பேரிங், கிட்டசாட்டோ என்ற இருவர் இவ்விஷத்தை முறிக்கும் பொருள் ரத்தத்தில் உண்டாகிறதென்று காட்டினார்கள். 1923ல் பிரான்சு தேசத்து ராமோன், அந்த விஷத்தையே பல் பிடுங்கிய பாம்பாக்கித் தடுப்பு மருந்தாக்கினார். இதை ஊசியாகப் போட்டால், உடம்பு விஷத்தை முன்கூட்டியே அறிந்து முறிவைத் தயாராக வைத்துக்கொள்ளுகிறது.

பெரியம்மையை மாரியாத்தாள் கோபம் என்று நம்பித்தானே கூழ் ஊற்றினோம்? நமக்குப் பக்கத்துக் கிண்டியில் 1899ல் ஏற்பட்ட கிங் இன்ஸ்டிடியூட் அம்மைப்பால் தயாரித்தது. ஊர் ஊராக அம்மை குத்தினார்கள். 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. ஒழித்தது கூழா, ஊசியா?

ஆனால் டிப்தீரியா இன்னும் ஒழியவில்லை. ஊசி தவறிய பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கிறது. ஆகையால் தாய்மார்களே! பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களிலும், பிறகு ஒன்றரை வயதிலும், 5 வயதிலும், 10, 16 வயதுகளிலும் ஊசி போடுங்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை, ஜாதகமும் கேட்பதில்லை. நாள், நட்சத்திரம் பார்த்துத் தள்ளிப் போடாதீர்கள். கிருமி ராகுகாலம் பார்த்து வருவதில்லை என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.