நகரச் செய்திகளும் வீட்டுக் குறிப்பேடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



படிப்பைப் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பெருநூல்களைப் பற்றிப் பேசத் தக்கவர்கள் இந்த அவையிலே பலர் அமர்ந்திருக்கிறார்கள். நாங்கள் சொல்லக்கூடியது எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைப் பற்றித்தான். மயூர் விஹாரில் எங்கள் இல்லத்தில் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரு குறிப்பேடு இருந்து வருகிறது. இந்நகரின் ஆட்சியைப் பற்றியும், இங்கே யாருக்கு எது கிடைக்கிறது, யாருக்கு எது கிடைக்கவில்லை என்பதைப் பற்றியும் நாளிதழ்களில் வரும் கட்டுரைகளை நறுக்கி ஒட்டி, அருகில் ஓரிரு வரி எழுதி வைப்போம். அவ்வளவே.

இதற்கென்ன அவசியம் என்று கேட்கலாம். தில்லியிலே முப்பது ஆண்டுகள் வாழ்ந்த தமிழரிடம் காவிரி நீரின் நிலவரத்தைக் கேளுங்கள்; அணையின் கொள்ளளவு முதற்கொண்டு சொல்லுவார். தம் வட்டத்தின் மாநகராட்சி உறுப்பினர் யார் என்று கேளுங்கள், சற்றே விழிப்பார். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஊர்ச் செய்தியை உள்ளத்திலும், இருக்கும் இடத்துச் செய்தியைப் பழைய காகிதக்காரனிடமும் சேர்த்துக்கொண்டிருந்தோம்.

தனி மனிதர் ஒருவர் தம் காலத்து அரசியலை எழுதி வைப்பது தமிழருக்குப் புதிதன்று. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை அவர்கள் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு நாம் அறிந்ததே. ஆனால் அவர் ஆளுநரின் அருகிலிருந்து எழுதியவர். எங்கள் உள்ளத்தைத் தொட்ட எடுத்துக்காட்டு வேறு. அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டு சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். சாதி வேற்றுமையை எதிர்த்து அன்று அவர் எழுதியவை அவர் மறைவுக்குப் பின் நெடுங்காலம் பொதுவெளியில் பேசப்படவில்லை. அன்பர்கள் சிலர் தத்தம் இல்லங்களில் அவ்விதழ்களைப் பேணி வைத்திருந்தமையால்தான், 1999இல் அவை பெருந்தொகுப்பாக வெளிவர முடிந்தது. வீட்டு அலமாரி எத்தகைய காரியம் செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எங்கள் ஏட்டின் அமைப்பு எளியது. இடப்பக்கம் நறுக்கு, அதன்மேல் நாளிதழின் பெயரும் தேதியும். வலப்பக்கம் இரண்டு பத்திகள். முதற்பத்தியில் அன்றே எங்கள் கருத்தை எழுதுவோம். இரண்டாம் பத்தியை ‘பின்னர் நடந்தது’ என்று தலைப்பிட்டு வெறுமையாக விட்டுவிடுவோம். (முதல் ஏட்டைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டினோம், கரப்பான் பூச்சிகள் எங்களினும் ஆழ்ந்து படித்துவிட்டன. இளைஞர்கள் கடைப்பசையையே வாங்கிக்கொள்க.)

அந்த முதற்பத்தி எங்களையே எங்களுக்குக் காட்டிக்கொடுத்த வரலாறு ஒன்று உண்டு. 2012இல் தில்லி மாநகராட்சி மூன்றாகப் பிரிக்கப்பட்டது. நம் பகுதி கிழக்கு மாநகராட்சியில் சேர்ந்தது. 2015இல் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தெருவெல்லாம் குப்பை மலிந்தது. அன்றைய நறுக்குக்கு எதிரே நாங்கள் எழுதியிருப்பது: “நாற்றம் தாங்கவில்லை. இவர்களைக் கேட்பார் இல்லையா?” 2016இல் மீண்டும் வேலைநிறுத்தம். அப்போதும் ஏறக்குறைய அதே வரி. 2017இல் மூன்றாம் முறை அச்செய்தியை ஒட்ட அமர்ந்தபோதுதான் பழைய பக்கங்களைப் புரட்டினோம். மூன்று நறுக்குகளிலும், நாங்கள் படித்தும் படியாமல் விட்ட ஒரு செய்தி இருந்தது: அவர்களுக்கு மாதக்கணக்கில் ஊதியம் வரவில்லை! மூன்று மாநகராட்சிகளில் கிழக்குப் பகுதிக்கு வரி வருவாய் குறைவு. அந்தக் குறை வந்து விழுந்த இடம் துடைப்பம் ஏந்தியவரின் அடுப்படி. தனித்தனி நாளில் குப்பையாகத் தெரிந்தது, அடுத்தடுத்து ஒட்டியபோது கூலியாகத் தெரிந்தது. எங்கள் பழைய வரிகளை அடித்துவிடலாமா என்று வீட்டிலே ஒரு விவாதம் எழுந்தது. அடிக்கவில்லை, இன்றும் அப்படியே இருக்கின்றன. 2022 மே மாதத்தில் மூன்று மாநகராட்சிகளும் மீண்டும் ஒன்றாயின என்பதை இரண்டாம் பத்தியில் குறித்தோம்.

கழிவுநீர்க் குழிகளில் இறங்கி உயிர்விட்டோர் பற்றிய செய்திகளுக்கும் சில பக்கங்கள் உண்டு. 2014 மார்ச்சு மாதத்தில் உச்ச நீதிமன்றம், அவ்வாறு இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு தீர்ப்பளித்தது; 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. இவ்விரு நறுக்குகளுக்கும் இடையே உள்ள பக்கங்களைப் புரட்ட எங்களுக்கே மனம் துணிவதில்லை.

இனிச் சொல்லப்போவது நம் தமிழ் மக்களைப் பற்றியது. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் ஓரத்தில் ‘மதராசி கேம்ப்’ என்று ஒரு குடியிருப்பு இருந்தது. தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடி வந்த குடும்பங்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழ்ந்தன. சுற்றியுள்ள காலனிகளில் வீட்டு வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்கள் பலர் அவ்விடத்தார். தில்லி உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025 ஜூன் 1ஆம் நாள் அக்குடிசைகள் இடிக்கப்பட்டன. மாற்று வீடு நரேலாவில். அவர்கள் வேலை செய்த வீடுகளிலிருந்தும், பிள்ளைகள் தமிழ் படித்த பள்ளியிலிருந்தும் அது நெடுந்தொலைவு. அதுவும் எல்லோர்க்கும் இல்லை. ஏறத்தாழ 370 குடும்பங்களில் 189 குடும்பங்களே தகுதி பெற்றன என்று ஒரு நறுக்கு கூறுகிறது. 215 என்று மற்றொன்று கூறுகிறது. இரண்டையும் ஒட்டி வைத்திருக்கிறோம். இவ்விரண்டு எண்களுக்கும் இடையே இருபத்தாறு அடுப்புகள் இருக்கின்றன அன்றோ?

தகுதி என்பது யாது? 2015ஆம் ஆண்டின் குடிசை மறுவாழ்வுக் கொள்கைப்படி, குடிசை 2015 ஜனவரி முதல் நாளுக்கு முன்னரே எழுந்திருத்தல் வேண்டும். குடியிருப்பவர் பெயர் 2012 முதல் 2015 வரையுள்ள வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலேனும் இருத்தல் வேண்டும். கணக்கெடுக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருத்தல் வேண்டும். அரை நூற்றாண்டு வாழ்க்கை ஒரு பெயர்ப்பட்டியலின் வரியில் நிற்கிறது.

அன்பர்களே! இந்தக் கொள்கையைப் பற்றிய கட்டுரை எங்கள் ஏட்டிலே பல ஆண்டுகளாக இருந்தது. நேர்த்தியாக நறுக்கி, தேதியிட்டு ஒட்டியிருந்தோம். எதிர்ப்பக்கத்தில் எங்கள் கருத்தாக ஒரு சொல்லும் இல்லை. நமக்கு வீடு இருக்கிறது. நம் பெயர் பட்டியலிலே இருக்கிறது. எழுத என்ன இருந்தது? குடிசைகளில் வாழ்ந்துகொண்டு நம் வீடுகளில் பாத்திரம் துலக்கிய பெண்மணிகளிடம் அதைத் தமிழில் படித்துக் காட்டி, “அம்மா, உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். நாங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எத்தனை பேருக்குப் பயன்பட்டிருக்கும் என்று கணக்கிட எங்களால் இயலாது.

அன்று முதல் ஏட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம்: ‘யாருக்குச் சொன்னோம்?’ வாக்காளர் பட்டியல் திருத்தம், குடும்ப அட்டை, தெருவோர வணிகர் சான்று ஆகியவை பற்றிய செய்தி வந்தால் அந்தப் பத்தி நிரம்பும் வரை பக்கத்தைத் திருப்புவதில்லை. மாடிப்படியிலும் காய்கறி வண்டியருகிலும் நின்று படித்துக் காட்டியிருக்கிறோம். சில வேளைகளில் அவர்கள் நம்மைவிட நன்கு அறிந்திருக்கிறார்கள், அதையும் எழுதிக்கொள்கிறோம்.

ஏடுகள் மூன்றையும் நுழைவாயிலருகே மேசைமீது வைத்திருக்கிறோம். சிற்றுண்டி நேரத்தில் புரட்டிப் பார்க்கலாம். பிழை கண்டால் பென்சிலால் திருத்தலாம். மதராசி கேம்ப் பற்றிய பக்கத்தில் ‘பின்னர் நடந்தது’ என்னும் பத்தி பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது. நரேலாவுக்குச் சென்றவர்களையோ, வீடு கிடைக்காமல் வேறிடம் போனவர்களையோ அறிந்தவர்கள் இந்த அவையில் இருப்பின், கூட்டம் முடிந்ததும் எங்களிடம் தெரிவிக்க வேண்டுகிறோம். எழுதுகோலோடு அங்கேயே இருப்போம்.