பெட்டிக்குள் கிடக்கும் நோட்டுப் புத்தகம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

வேலைவாய்ப்பு பற்றித்தான் பேசச் சொல்வார்கள் என்று நினைத்தேன். "உனக்குப் பிடிச்சதைப் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். தப்பித்தீர்கள்!

கதை, கவிதை, படம், மெட்டு என்று எதையாவது செய்து பார்க்காதவர் இந்த அரங்கில் குறைவு. அதை இன்னொருவரிடம் காட்டியவர் அதைவிடக் குறைவு. ஏன் என்று கேட்டால் இரண்டே பதில்தான். "நமக்கெல்லாம் அது வருமா?" "நேரம் எங்கே இருக்கு?"

முதல் கேள்விக்குக் கி.ராஜநாராயணனைப் பாருங்கள். கோவில்பட்டி பக்கத்து இடைசெவல் கிராமத்து விவசாயி. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். 30 வயதுக்கு மேல்தான் எழுத வந்தார். அவருடைய 'மாயமான்' சிறுகதை 'சரஸ்வதி' இதழில் வெளிவந்தது. கரிசல்காட்டுப் பேச்சையே கதைமொழி ஆக்கினார். 1991-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராகவே அழைத்துக்கொண்டது.

இரண்டாவது கேள்விக்கு சுஜாதா. நம்மைப் போல ஓர் இன்ஜினீயர். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்காற்றிக்கொண்டே வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதையும் எழுதினார்.

நான் அந்த உயரத்துக்கு ஆசைப்படவில்லை. காலை 5.30 முதல் 6.15 வரை எழுதுகிறேன், அவ்வளவுதான். கைபேசி பக்கத்து அறையில் இருக்கும். மேஜைமேல் இருந்தால் மணி அடிக்காவிட்டாலும் கை தானாகப் போகிறது! நன்றாக வராத நாளிலும் ஒரு பக்கம் எழுதாமல் எழுந்திருப்பதில்லை.

தயக்கத்துக்கு மருந்து நம் தொழிலிலேயே இருக்கிறது. ஒரு டிராயிங் போடுகிறோம். செக்கர் சிவப்பு மையில் கோடு கோடாகக் கிழித்து அனுப்புகிறார். அதற்காக யாரும் அழுவதில்லை. திருத்தி 'ரிவிஷன் ஏ' என்று போட்டு மறுபடி கொடுக்கிறோம். செக்கரிடம் போகாத டிராயிங்கை நம்பி ஒரு போல்ட்டைக்கூட முடுக்க மாட்டோம். கதையை மட்டும் முதல் தடவையே குறையில்லாமல் வரட்டும் என்று ஏன் பூட்டி வைக்கிறோம்?

தம்பி தங்கைகளே, உங்கள் செக்கர் பக்கத்துக் கட்டிலிலேயே இருக்கிறார். ஆனால் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "சூப்பர் மச்சி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவான். "எந்த இடத்தில் அலுத்தது?" என்று கேளுங்கள். உண்மை வரும். அந்த இடத்தைத் திருத்துங்கள். பிறகு கல்லூரி ஆண்டு மலருக்குக் கொடுங்கள்.

படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊராகப் போனபிறகு, இப்படி ஒரே கூரையின்கீழ் இருநூறு பேர் கிடைக்க மாட்டார்கள். அது எங்கள் செட்டுக்கு நன்றாகத் தெரியும். இருக்கும்போதே படிக்கக் கொடுங்கள்.

என் வகுப்புத் தோழர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான். இன்று ஊருக்குப் போனதும் பரணில் ஏறி அந்தப் பெட்டியை இறக்குங்கள்.