அப்பாவின் உரிமம்

(வட்டார ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அப்பா ஜீப் ஓட்டுநர். விடியுமுன் கம்பம் மெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்பவர். ஊதிப் பார்க்கும் கருவி, மது அருந்தியதாகக் காட்டிவிட்டதாம். "இருமல் மருந்துதான் சார் குடிச்சேன்" என்றார். உண்மையா, எனக்குத் தெரியாது. பையன் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

அன்றிரவு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைப் படித்தேன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். ரத்த மாதிரி எடுப்பதைப் பிரிவு 204 சொல்கிறது. கருவி அளப்பது மூச்சை. வாயில் தங்கிய மருந்துகூடச் சில நிமிடங்களுக்கு அளவைக் கூட்டிக் காட்டும். ரத்தப் பரிசோதனையில் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் நேரம் போகப் போக ரத்தத்திலும் அளவு குறைந்துவிடும். தான் விரும்பிய மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளும் தனி உரிமை அந்தச் சட்டத்தில் இல்லை. ரத்தப் பரிசோதனை வேண்டுமென்று அப்போதே கேட்கத்தான் வேண்டும். அவர் கேட்கவில்லை.

உரிமத்தை முடக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது பிரிவு 19. ஆணை கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடும் உண்டு. நோட்டீஸ் வந்திருந்தது, படிக்கத் தெரியாமல் அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தார்!

கொண்டை ஊசி வளைவுகளில் குடித்துவிட்டு ஓட்டுபவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பதில் மனுவைப் பையனே எழுதினான். நான் பிழை திருத்தினேன். திங்கட்கிழமை பள்ளிக்கு வந்துவிட்டான். விசாரணை அடுத்த மாதம்.